நேர் அளவு

சுவிசிலிருந்து சுகிர்தன் அனுப்பிய படத்தில்
ஒரு கைத்துவக்கின் விளிம்பு மட்டும் இருந்தது.
வெள்ளைத் தாளில் வைத்துப்
பென்சிலால் சுற்றி வரைந்திருந்தார்கள்,
நேர்சரிப் பிள்ளைகள் தங்கள் கையை வரைவதுபோல.

"மாமி, நீங்கள் அனுப்பின இடுப்புப்பட்டியைப் பாத்திட்டு
எங்கட முதலாளி கேக்கிறார்.
அவையின்ர சுடுற கழகத்தில இருபத்திரண்டு பேர்.
ஞாயிற்றுக்கிழமையில அட்டைக்குச் சுடுவினம்.
மெசின் தையல் வேண்டாமாம்.
கையால தைச்ச உறைதானாம்."

மாங்குளம் சந்தியில் பிரிண்ட் எடுக்கிற பெடியன்
தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.
மிச்சக் காசை எண்ணாமல் தந்தான்.

முதல் உறை பிழைத்தது.
நூற்றுக்குத் தொண்ணூற்றேழாய்
மெசின் சுருக்கிவிட்டதாம்.
பாதியில் சிக்கி நிற்கும் துவக்கின் படம் வந்தது,
தலை நுழையாத சட்டைபோல.

ஈரத்தோலுக்கு ஓர் உடம்பு வேண்டும்.
வெதுவெதுத் தண்ணியில் ஊறின தோல்
எதன்மேல் அழுத்துகிறோமோ அதுவாகவே காயும்.
வன்னியில் இருந்துகொண்டு
துவக்குக்கு எங்கே போவேன் என்று நான் கேட்பதே ஒரு பகிடி.
கூடச் சிரிக்கத்தான் ஆளில்லை.

கதவுநிலை செய்கிற அருள்ஞானம்
பாலை மரத்தில் செதுக்கித் தந்தார்.
விசை வைக்கவில்லை. குழாயில் துளையில்லை.
"ஆரும் கேட்டால் கதவுக் கைபிடி எண்டு சொல்லு."
கூலி வாங்கவில்லை.
திரும்ப இந்தப் பக்கம் கொண்டு வராதே என்றார்.

இருபத்திரண்டு நாற்பதானது.
பக்கத்து ஊரில் இன்னொரு கழகமாம்.
ஒருவர் இடக்கைக்காரர். தோலை மறுபக்கம் வெட்டினேன்.
ஒருவருக்கு மகளின் பெயர் வேண்டும்,
உள்பக்கத்தில், வெளியே தெரியாமல்.
ஒருவர் தழும்புள்ள தோலாகவே கேட்டார்.
எங்கள் மாடுகள் முட்கம்பியில் உரசின கோடுகளுக்கு
இருபது பிராங்க் கூடத் தருவாராம்.
அந்தக் கம்பியை யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை.
நானும் விலையைக் குறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள்.
சாதாரண உடுப்பு. ஒரே மாதிரிச் சப்பாத்து.
பாலைத் துவக்கைத் தூக்கிப் பார்த்தார்கள்.
கதவுக் கைபிடி என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
தபால் பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம்,
ஓடர் எழுதின கொப்பி,
எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்.
இளையவர் போனில் படமெடுத்தார்.
மூத்தவர் முடிந்த உறையொன்றை முகர்ந்தார்,
தையலை நகத்தால் நெருடினார்,
பிறகு சட்டையைத் தூக்கித் தன்னுடையதை எடுத்து
நூல்கண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.
"அக்கா, எனக்கும் ஒண்டு. எவ்வளவு?"

அளவுநாடாவை எடுத்தேன்.
"முதல்ல மகசீனைக் கழட்டுங்கோ"
என்றது என் வாய்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
அவர் என் கைகளைப் பார்த்தார்,
மெழுகு ஏறின விரல்களை,
பிறகு மணிக்கட்டை.
"அக்காவுக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்தப் பக்கத்தில கோழிக்குஞ்சுக்கும் தெரியும், சேர்."

இளையவர் சிரித்துவிட்டார்.
மூத்தவர் மகசீனைக் கழற்றினார்,
மேல்தகட்டை இழுத்து உள்ளேயும் பார்த்தார்,
நான் சொல்லாமல் விட்ட அடுத்ததை.

ஏழே கால் அங்குலம்.
தடிப்பு ஒன்றும் ஒரு நூலும்.
குளிர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.
அவருடைய உடம்புச் சூடு அதில் இருந்தது.

அன்றிரவே வெட்டினேன்.
சட்டென்று வர வேண்டும் என்பார்கள் சுவிஸ்காரர்.
இதற்கு வாய்ப்பக்கம் ஒரு தையல் கூட இறுக்கினேன்.
கொஞ்சம் யோசித்துத்தான் வரும்.

வாங்க வந்தவர் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.
"இறுக்கம்."
"புதுத் தோல், சேர். போகப் போக இளகும்."
பொய்யில்லை.
முழுக் காசும் தந்தார்.

அடுத்த கிழமை அவர் கந்தோரிலிருந்து
ஆறு தாள்கள் வந்தன,
பென்சிலால் சுற்றி வரைந்தபடி.
அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன்.
ஒன்றும் சுருங்கியிருக்கவில்லை.